சர்வருக்குக் கட்டிய ஈரச்சாக்கு

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை ஆபீஸ். அங்கே ரேக்கில் இருக்கும் இரண்டு சர்வர்களிலும் ஃபைல்கள் கெட்டுக்கொண்டே இருந்தன. மூன்று முறை ஹார்ட் டிஸ்க் மாற்றிவிட்டேன். மறுபடி போன் வந்தது. இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் என் வேலைக்கே உலை.

எப்போதும் காலையில் போகிறவன், இன்று மதியம் போனேன்.

ரேக்கின் முன்னால் ஓர் ஈரச்சாக்கு தொங்கியது. ஃபேன் அந்த ஈரத்தை உள்ளே இழுத்து இழுத்து, டிஸ்க் மாட்டும் இடத்தின் பின்பக்கம், நான் இதுவரை கழற்றிப் பார்க்காத பகுதியெல்லாம் பச்சைக் களிம்பு.

ஆபீசைக் கூட்டும் செல்வியக்காவிடம் கேட்டேன். முன்பு கோழி ஷெட்டில் வேலை பார்த்தவர்.

"வெயில்ல கோழி வாயத் தொறந்து இரைச்சா ஈரச்சாக்குத்தானுங்க கட்டுவோம். ஏசி ஓடாம இதுவும் மத்தியானத்துல அப்பிடித்தான் இரைக்குதுங்க, பாவம்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"இதுக்கு ஈரம் ஆகாதுங்கக்கா. ஏசியச் சரிபண்ணச் சொல்றேன்."

"அதுவரைக்கும் தாங்குமா சாமி?"

முதலாளிக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் 'ஏசி ஓடவில்லை, அறையில் ஈரப்பதம்' என்று மட்டும் எழுதினேன்.

வெளியே வந்தால், வெயிலில் நின்ற என் பைக் சீட்டின் மேல் அதே ஈரச்சாக்கு.

நனைந்த பேண்ட்டோடு சேலம் வந்து சேர்ந்திருக்கிறேன். வீட்டில் என்ன காரணம் சொல்லலாம், ஆளுக்கொன்று சொல்லுங்கள்.