இரண்டாம் செல்லோவுக்கு ஒரு ஆள்

காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பெரிய பிடிலான செல்லோவுக்கு இசைத்தாள் விற்கிற இணையக் கடைகள் மேல் கிரேஸிக்கு அடங்காத கோபம். ஆரம்பப் பாடமே இரண்டு பேருக்காம். அப்புறம் நான்கு செல்லோ, எட்டு செல்லோ. கடைசியில் பன்னிரண்டு பேர் பின்னால் உட்கார, ஒருவர் முன்னால் வாசிக்கிற பெரிய கச்சேரி உருப்படி. பன்னிரண்டு பேரா! நெல்லைச் சீமையில் அந்த வாத்தியத்தின் பேரைச் சரியாகச் சொல்ல முதலில் பன்னிரண்டு பேர் கிடைப்பார்களா?

பகலெல்லாம் பேட்டைப் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள் அவள். அவள் போகிற பாளையங்கோட்டைத் தேவாலயத்துச் சபையார் எப்போதோ பாடகர் குழுவுக்கென்று வாங்கிப்போட்டு, சீந்த ஆளில்லாமல் மூலையில் கிடந்த செல்லோவை வீட்டுக்குக் கொண்டுவந்து, வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். பெரிய பிடில்காரி என்று பேர் வந்ததுதான் மிச்சம். அவள் ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு சின்ன டூயட்டையாவது இன்னொரு மனுஷனோடு சேர்ந்து, நாலு பேர் கேட்க வாசித்துவிட வேண்டும்.

போன வருஷம் ஆள் அகப்பட்டது. நாசரேத் பக்கத்து பஸ் மெக்கானிக் டைட்டஸ். அவரிடமும் ஒரு செல்லோ இருந்தது. ஆனால் கோடு போட்டு எழுதிய இசை அவருக்கு ஓடாது, சபைகளில் பழகிய, சுரத்தை எழுத்தாலேயே குறிக்கிற சோல்பாதான் ஓடும். அதனாலென்ன என்று டூயட்டில் இரண்டாம் செல்லோவுக்கான பகுதியைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அவர் தன் சபைப் பாடகர் தலைவரை வைத்து அதை சோல்பாவுக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவு பெரிய பெட்டியைக் கண்டதும் பஸ் கண்டக்டர்கள் விரட்டியதால் சேர்ந்து ஒத்திகை பார்க்க முடியவில்லை. தனித்தனியே பழகி, சபையார் எல்லாரும் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையன்று காலையில்தான் பாளையங்கோட்டையில் நேரில் சந்தித்தார்கள்.

கோயில் பின்னறையில் முதல் வரியை வாசித்ததுமே கிரேஸிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு செல்லோவும் ஒன்றையொன்று கடித்துக் குதறின.

"என்னண்ணே, எந்தச் சுருதியில வாசிக்கீய?"

"ஒரு சுரம் இறக்கித்தாம்மா எழுதியிருக்கு. எங்க சபையில எதையும் இறக்கித்தான் எடுப்போம். பொம்பளையாளுவளுக்குத் தொண்டை எட்டாதுல்லா?"

"இதுல பாடுதது யாருண்ணே?"

டைட்டஸ் தன் சோல்பாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட ஆளே இல்லாத உருப்படிக்கும் தொண்டை பார்த்து இறக்கியாயிற்று! பழகின விரலை இனி மாற்று என்றால் அவரால் ஆகாது. கிரேஸிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. சுவரைப் பார்த்து நின்றவள், சட்டென்று உட்கார்ந்து தன் நாலு கம்பியையும் ஒரு சுரம் தளர்த்தினாள். விரல் பழகின இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் அவருடையதோடு வந்து சேரும். கம்பி தொளதொளத்தது. ஆனாலும் சேர்ந்தது.

அதற்குள் ஆராதனையில் வேறு வினை. காணிக்கையாக வந்து ஏலம் விட்ட சேவல் ஒன்றுக்கு இரண்டு குடும்பம் மல்லுக்கட்டியதில் ஏலம் இழுத்துக்கொண்டே போய், இவர்கள் வாசிக்கிற முறை, ஆராதனையை முடிக்கிற ஆசீர்வாதத்துக்கும் பிறகு தள்ளிப்போனது. இருவரும் வில்லை எடுத்த நேரம் பார்த்து, அசனக் கமிட்டிக்காரர் ஞானசிகாமணி மைக்கைப் பிடித்தார்.

"முதல் பந்திக்கு வாங்க! கறி சூடா இருக்கு!"

அவ்வளவுதான், கோயில் காலி.

"ஆண்டவரே! கறிச்சோத்தக் கண்டா போதும் இவுகளுக்கு. கொஞ்ச நேரம் பொறுத்தா ஆடு எந்திரிச்சா ஓடிரும்?" என்று கிரேஸி பொருமினாள். இத்தனை மாசம் பழகியது காலி பெஞ்சுக்கு வாசிக்கத்தானா?

"வாசிப்போமா, வேண்டாமா?" என்று டைட்டஸ் தயங்கிக் கேட்டார்.

"வாசிங்கண்ணே!" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தாள்.

வாசித்தார்கள். தன் குரலுக்குக் கீழே இன்னொரு குரல் வந்து தாங்கியதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண் கலங்கி ஓரிடத்தில் சுரத்தைத் தவறவும் விட்டாள். அவள் வந்து சேரும்வரை டைட்டஸ் அதே சுரத்தை இழுத்துப் பிடித்திருந்தார்.

முடிந்ததும் ஞானசிகாமணி வாசலில் எட்டிப் பார்த்தார். "இன்னும் இங்கனயா இருக்கீய? ரெண்டாம் பந்தியும் நெறையுது. கறி தீந்துட்டுன்னா என்னையக் கேக்கக் கூடாது!"

டைட்டஸ் எழுந்திருக்கவில்லை. வில்லையும் கீழே வைக்கவில்லை.

"முதல்ல இருந்து எடுப்போமாம்மா?" என்று கேட்டார்.