கிணற்றுக்குக் கொடுத்த பெண்

சுந்தரபாண்டியம் கல்பனாவுக்குக் கோபம் வரும் என்பதே நாற்பத்திரண்டு வயது வரை யாருக்கும் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரர் பாண்டிதுரை பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வகுப்புகளுக்குப் போக எம்.ஏ. வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பி.ஏ. ஆங்கிலத்தோடு நின்றுபோன படிப்பை அஞ்சல்வழியில் மறுபடி பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வகுப்பு.

வகுப்பு எடுத்த சாம்சன், கல்பனாவைவிடப் பத்து வயதாவது இளையவர். முதலில் கிரேக்கக் காவியம். ஒரு வீரனின் கோபத்தில்தான் அந்தக் காவியமே தொடங்குகிறது என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. தலைவன் தன்னை அவமதித்துவிட்டான் என்று அந்த வீரன் போருக்குப் போகாமல் கூடாரத்தில் உட்கார்ந்துகொள்கிறான். அவன் வராததால் சொந்தப் படையே செத்து மடிகிறது. 'மகத்தான கோபம்' என்று போர்டில் எழுதி அடிக்கோடு போட்டார் சாம்சன். கல்பனாவும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் துன்பியல் நாடகம். அதே போருக்குப் புறப்பட்ட அரசன் ஒருவன் கதை. காற்று வீசாமல் கப்பல்கள் கரையிலேயே கிடக்கின்றன. உன் மூத்த மகளைப் பலி கொடுத்தால் காற்று வரும் என்கிறான் குறி சொல்பவன். அரசன் மனைவிக்குச் சேதி அனுப்புகிறான்: மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் பேசியிருக்கிறேன், அழைத்து வா. கல்யாணம் என்று நம்பி வந்த பெண்ணைப் பலிபீடத்தில் வெட்டுகிறார்கள். காற்று வீசுகிறது. பத்து வருடம் கழித்து அரசன் வெற்றியோடு வீடு திரும்பும்போது மனைவி அவனை வரவேற்று உள்ளே அழைத்துப்போய்க் கொன்றுவிடுகிறாள்.

“இவதான் வில்லி. கணவனுக்குத் துரோகம் பண்ணினவ, இரக்கமில்லாதவ. பத்து மார்க் கேள்வி, குறிச்சுக்கோங்க” என்றார் சாம்சன்.

கல்பனாவின் பேனா நின்றுவிட்டது.

நாலு வருடத்துக்கு முன்பு அவள் மகள் கனகலட்சுமி மதுரையில் விடுதியில் தங்கி வேதியியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். பாண்டிதுரைக்கும் ஆலங்குளத்து அழகுராஜாவுக்கும் சுந்தரபாண்டியத்தில் அடுத்தடுத்த நிலம். நடுவில் கூட்டுக் கிணறு. யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் தொடங்கிய பேச்சு கைகலப்பாகி, மண்டை உடைந்து, கேஸாகி, கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் கூடிப் பேசினார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறோம், வந்துவிட்டுப் போ என்று பாண்டிதுரை மகளுக்குப் போன் போட்டார். பட்டுப் பாவாடை தாவணியில் வந்து இறங்கினாள் கனகா. கல்பனா பொங்கல் பானையில் வெல்லம் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் மேளம் கேட்டது. திரும்பினால், மகள் கழுத்தில் அழகுராஜாவின் மகன் ராம்கி தாலி கட்டிக்கொண்டிருந்தான். கனகாவின் இரண்டு தோளையும் அத்தைமார் இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். மறுவாரம் கேஸ் வாபஸ் ஆனது. கிணற்றில் முறை வைத்து மோட்டார் ஓடியது.

“சார்” என்று எழுந்தாள் கல்பனா. “அந்தப் புள்ளயப் பத்தி ஒரு கேள்வியும் வராதா?”

“அது முன்கதை மேடம். நாடகத்துக்குள்ள அவ வரவே மாட்டா.”

“அவளைக் கொன்னுட்டாங்க. பொறவு எப்படி சார் வருவா?”

வகுப்பில் சிரித்தார்கள். சாம்சனும் சிரித்துவிட்டு, “எக்ஸாமுக்கு இவ்வளவு போதும் மேடம்” என்றார்.

“போன மாசம் ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு உக்காந்தான். அவனால எத்தனை ஆயிரம் பேர் செத்தான்? அதை மகத்தான கோபம்னு அடிக்கோடு போட்டீங்க. பெத்த புள்ளயப் பறிகொடுத்தவ கோவிச்சா மட்டும் வில்லியா?”

குரல் நடுங்கியது. அழுகிறாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, தாடை வலித்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சாம்சனுக்கு என்ன தோன்றியதோ, இரண்டு நாள் கழித்து நாடகத்தை முழுசாகப் போனுக்கு அனுப்பிவைத்தார். பள்ளி ஓய்வறையிலும் பஸ்ஸிலுமாகப் படித்தாள் கல்பனா. கைடில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஊர்க் கிழவர்கள் ஒரு கூட்டமாக வருகிறார்கள். அந்தப் பெண்ணின் வாயைக் கட்டியதும், ஆட்டைத் தூக்குவதுபோல் அவளைத் தூக்கியதும் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மனசு வருந்திப் பேசுகிறார்கள். அரசன் வந்ததும் வாழ்த்துகிறார்கள். குலதெய்வக் கோயிலில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தரம் பாயசம் கேட்டவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கல்பனாவுக்கு நினைவு வந்தன. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. ஆலங்குளம் பஸ்ஸில் ஏறினாள்.

கனகா வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புக் கல் லாரிகள் போகிற தெரு. காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைப் பொடி. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

“என்னம்மா, தீவாளிக்கு நாள் கெடக்கே?” என்றாள் கனகா.

“வாட்டி, நம்ம வீட்டுக்குப் போவோம். மறுபடி படி.”

கனகா துணியைக் கீழே போட்டாள். “நாலு வருசமா சீலையும் பலகாரமும் கொண்டாந்தியே, ஒரு தடவையாச்சும் இதைக் கேட்டியா? மொத நாளே, அந்தக் கோயில்லயே அத்தைமாரு கைய உதறிவிட்டுட்டு என்னை இழுத்துட்டு ஓடியிருக்கணும் நீ. கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்ன.”

“எனக்கும் தெரியாதுட்டி. நான் திரும்பிப் பாக்கயில...”

“மறுநா தெரியும்லா? அதுக்கு மறுநா?”

அதற்குள் சத்தம் கேட்டு அழகுராஜா உள்ளேயிருந்து வந்தார். “வாங்க மதினி. வெளிய நின்னு என்ன பேச்சு? நல்லா இருக்கிற குடும்பத்துல கொள்ளி வைக்காதிய. கெணத்து சமாச்சாரம் ஞாபகம் இருக்கட்டும்.”

“கெணத்தைத் தூத்துருங்க!” கல்பனா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. “எம் பொண்ணு என்ன மோட்டாரா, முறை வச்சு ஓட்ட? அவ படிப்பை நிறுத்தித்தான் உங்க ரெண்டு பேரு வயலும் நனையணுமா? காஞ்சு போகட்டும். அம்புட்டும் காஞ்சு போகட்டும்!”

கனகா துணியைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்பனா வீடு வந்து சேர்வதற்குள் பாண்டிதுரைக்குப் போன் வந்துவிட்டது. வாசற்படியிலேயே நின்றார்.

“எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதி வச்சதப் படிச்சிட்டு எங் குடியக் கெடுக்கியா? நான் என்ன அவளக் கொன்னா போட்டேன்? உசுரோடதான இருக்கா?”

“உசுரோட இருக்கா. அதான் உங்களுக்கு வசதியாப் போச்சு. செத்திருந்தா நாலு பேரு கேட்டிருப்பான்.”

அவர் கையை ஓங்கினார். கல்பனா நகரவில்லை. பட்டாளத்தில் பழகிய கை அந்தரத்திலேயே நின்று, கதவை அறைந்துவிட்டு இறங்கியது. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. அவள் தனக்கு மட்டும் பொங்கித் தின்றாள். அவர் ஓட்டலில் சாப்பிட்டார்.

கனகா வரமாட்டாள் என்றே கல்பனா முடிவுகட்டியிருந்தாள். ஆனால் அந்த மாதக் கடைசியில், பட்டப்பகலில், ஒரு பையும் குழந்தையுமாக வந்து இறங்கினாள்.

“நீ கத்துனதுக்காக வரல” என்றாள் முதல் வார்த்தையாக. “நீ வந்துட்டுப் போன பொறவு எம் போனைப் புடுங்கி வச்சுட்டாவ. கடைக்குப் போனாலும் மாமியா கூட வாரா. வாசல்ல நிக்கக் கூடாதாம். இதுக்கு மேல அங்க என்ன இருக்கு?”

ராம்கி இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். முதல் தடவை கெஞ்சினான். இரண்டாம் தடவை மிரட்டினான். “படிக்க விடுவியா? அதை மட்டும் சொல்லு” என்று கனகா கேட்டாள். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். “அப்ப உங்க அப்பாவோடயே இரு” என்று கதவைச் சாத்தினாள்.

அழகுராஜா தோட்டத்துக்கு ஆள் அனுப்பிக் கிணற்று மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிப் போட்டார். பாண்டிதுரை போட்டிருந்த மக்காச்சோளம் பூட்டை வைத்துக் கதிர் பிடிக்கிற சமயம். மூன்றாம் நாளே தோகை சுருண்டது. அவர் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். கனகாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“பயிரு கருகுது.”

“கருகட்டும்” என்றாள் கல்பனா.

“பழையபடி கோர்ட்டுக்கு அலையணும்.”

“அலைங்க. ஒரு கெணத்துக்காக ஒரு புள்ளய எடுத்துக் குடுத்த மனுசனுக்கு அலையக் கால் இல்லையா?”

கனகா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை அவர் தன்னைப் பார்த்துச் சொல்வாரா என்று காத்திருந்தாளோ என்னவோ. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் புறப்பட்டார்.

திங்கட்கிழமை தாயும் மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றுக்குப் போனார்கள். முதலாண்டு வேதியியல், மறுபடி முதலிலிருந்து. “தகப்பனார் வரலையா?” என்று கேட்டார் ஆபீஸ்காரர்.

“தாய் வந்திருக்கேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

“இல்ல, வழக்கமா...”

“எங்க போடணும்னு கேட்டேன்.”

பேனாவை நீட்டினார். பேப்பரில் முனை அழுந்திக் கிழியும்படி கையெழுத்துப் போட்டாள் கல்பனா.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் கனகா அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். கல்பனாவும் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அது தீர்கிறபோது தீரட்டும். குழந்தை மட்டும் பாட்டி மடியில் கிடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.