பெயரைப் போடச் சொன்னேன்

மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மூன்று சனிக்கிழமை வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டேன். அவர்கள் கொடுத்த தாளில் தலைப்பு நீளமாக இருந்தது: தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளுதல், குடிமக்களின் பங்கு, சமூகப் பொறுப்பு. பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஊரில் உள்ள ஒரு குறையை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துத் தன் பெயரில் இணையத்தில் போட வேண்டும். அதுதான் பயிற்சி.

பெரும்பாலானவர்கள் கடற்கரை பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டார்கள். குப்பை போதவில்லை என்று வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போட்டு, பிறகு பொறுக்குவதுபோல் படம் பிடித்தவர்களும் உண்டு.

கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி மட்டும் உப்பளத்தை எடுத்து வந்தாள். அவளுடைய அம்மா அங்கே உப்பு வாரிச் சுமக்கும் கூலி வேலை செய்பவர். வீடியோவில் வரப்பின் மேல் ஒரு நீல டிரம். மூடி இல்லை. உள்பக்கம் பச்சையாகப் பாசி. மொண்டு குடிக்க, பாதியாக வெட்டிய ஒரு பாட்டில். மொள்ளும் கையும் வெடித்த பாதங்களும் தெரிந்தன. ஒரு பெண் குரல் கேட்டது: "இதத்தான் குடிக்கிறோம். வேற என்னா பண்றது?" முகம் இல்லை, பெயர் இல்லை.

அப்படியே விட்டிருக்கலாம். நான் வேலையில் சேர்ந்த நாளில் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். "முகம் இல்லாத செய்தியை யார் நம்புவாங்க? உன் பேரைப் போடு. பேசறது யாருன்னு காட்டு."

"அம்மாதான் சார் பேசறது. காட்டலாமா?"

அம்மாவிடம் கேட்டுக்கொள் என்றேன். அடுத்த சனிக்கிழமை புது வீடியோவோடு வந்தாள். அம்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, அதே வார்த்தைகளைக் கேமராவைப் பார்த்துச் சொன்னார். சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று அம்மா உடனே ஒத்துக்கொண்டதாக அவள் சொன்னாள்.

முப்பது வருட வேலையில், முதலாளிக்கு எதிராகப் பேசிய எந்தக் கூலிக்காரரின் பெயரையும் நான் அச்சில் போட்டதில்லை. "பெயர் சொல்ல விரும்பாத தொழிலாளி" என்று எழுதிப் பழகிய கை இது. வகுப்பறையில் அது எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தாளின் தலைப்பு ஒரு காரணம். என் வகுப்பிலிருந்து நல்லதாக ஒன்று வெளியே போக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

வீடியோ பள்ளி வாட்ஸப் குழுவிலிருந்து ஊருக்கும், அங்கிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் போனது. ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் குழாய் வைத்த புது டிரம் வந்தது, மூடியோடு. பள்ளி அறிவிப்புப் பலகையில் மாணவியின் படத்தை ஒட்டினார்கள். வகுப்புப் பையன்கள், "டேய், வழி விடுங்கடா, கலெக்டரம்மா வர்றாங்க" என்று ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவளும் சிரித்தாள்.

உப்பளத்தில் வேலைக்கு வைப்பதற்கோ நீக்குவதற்கோ கடிதம் கிடையாது. மறுநாள் யார் யார் வர வேண்டும் என்று சாயங்காலம் மேஸ்திரி போன் செய்வார். புது டிரம் வந்த அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து தன் நம்பருக்கு அடிக்கச் சொல்லி மகளை அனுப்பிப் பார்த்தார். மணி ஒழுங்காக அடித்தது. மூன்றாம் நாள் அம்மாவே மேஸ்திரியின் வீட்டுக்குப் போனார்.

"நான் என்னாம்மா பண்றது? உன் மூஞ்சிதான் எல்லார் போன்லயும் இருக்குது" என்றாராம் மேஸ்திரி. மற்ற உப்பளங்களில் கேட்கச் சொன்னார். அம்மா இரண்டு இடத்தில் கேட்டார். அங்கேயும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள்.

மகள் இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. வீடியோவை அழித்துவிட்டதாகச் சொன்னாள். மற்றவர்கள் போனில் இருப்பதை எப்படி அழிப்பது என்று கேட்டாள். அதற்கு வழி இல்லை என்றேன்.

என்னோடு வேலை பார்த்த நிருபர் ஒருவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். வேலையை விட்டு நீக்கியதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். இல்லை. "கூட வேலை பாக்கறவங்க யாராச்சும் பேர் போட்டுப் பேசுவாங்களா சார்?" என்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு முறை அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மழை முடிந்து புது உப்பு சீசன் தொடங்கிய வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போதும் போன் வந்திருக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூனிமேட்டில் மீன் கழுவப் போவதாகச் சொன்னார். தப்பு என்னுடையது என்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்தார். மகள் வாசலுக்கு முதுகைக் காட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உப்பளத்துப் பக்கம் போனீங்களா சார்? புது டிரம்ல தண்ணி நல்லா இருக்குதா?"

வரும் வழியில் பார்த்திருந்தேன். பெண்கள் வரிசையாகக் குழாயைத் திருகிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லா இருக்குதும்மா என்றேன்.

"கூட வேலை பாத்தவங்களும் அதான் சொன்னாங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா எழுந்தார். குடத்திலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பையில் வைத்துக்கொண்டு கூனிமேட்டுக்குக் கிளம்பினார்.