முதுகுக்குப் பின்னால் கேட்ட காலடி

சோப்புக் கம்பெனியின் பெண்கள் வாலிபால் அணியில் எல்லாருக்கும் அவள் ‘கட்டை’. அவளுடைய அண்ணி ‘நெட்டை’. வீட்டில் துணிக்கொடிக்கும் குளியலறைக்கும் முட்டிக்கொள்ளும் இருவரும் கோட்டுக்குள் கால் வைத்துவிட்டால் ஒரே மூச்சுதான்.

கட்டை செட்டர். யார் எடுத்த பந்தானாலும் இரண்டாவது தொடுகை அவளுடையது. அடிப்பவர்களுக்கு வாகாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பறிக்கும்போதெல்லாம் ஆறு பேரும் ஒவ்வோர் இடம் நகர்வார்கள். கம்பெனியின் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர்தான் கோச். அவர் இந்த இருவரையும் எதிரெதிராக நிறுத்தியிருந்தார். எத்தனை சுற்று சுற்றினாலும் கட்டை வலையருகே வரும்போது நெட்டை பின்வரிசையில்தான் இருப்பாள். அப்போது முன்னால் அடிக்க இரண்டு பேர்தான் மிச்சம். எதிரணி அந்த இருவர்மீதே கண்ணாக இருக்க, நெட்டை வலது பின்மூலையிலிருந்து ஓடி வந்து, பின்வரிசையினர் தாண்டி எழும்பக் கூடாத தாக்குதல் கோட்டுக்குப் பின்னாலேயே எழும்பி, இடது கையால் அறைவாள். கட்டை திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிதானமாக இரண்டு அடி, பிறகு தடதடவென்று இரண்டு அடி. அந்தச் சத்தத்தை வைத்தே பந்தைத் தலைக்கு மேல் பின்பக்கமாக விடுவாள்.

ஒரு நாள் பயிற்சியின் நடுவே நெட்டை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த வாரம் முடிவதற்குள் ஆளே இல்லை.

அவள் இடத்துக்குப் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி வந்தாள். முதல் ஆட்டத்தில், கட்டை முன்வரிசைக்கு நகர்ந்ததும் பந்து அழகாகக் கைக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. இரண்டு நிதானம், இரண்டு தடதட. பின்பக்கமாக விட்டாள். பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து உருண்டது. பேக்கிங் பெண் நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை.

கோச் ஆட்டத்தை நிறுத்தி அவளைக் கூப்பிட்டார்.

“அங்க யாருக்கும்மா குடுத்தே?”

“அண்ணி ஓடி வந்தாங்க சார்.”

கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. மறுநாளிலிருந்து பின்வரிசைக்குப் பந்தே வேண்டாம், முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும் கொடு என்று சொல்லிவிட்டார். எதிரணிகளுக்கு அது வெல்லக்கட்டி. பந்து எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். தோல்விக்கு மேல் தோல்வி. காலடியோ நிற்கவில்லை. கேட்டும் கேட்காததுபோல் பந்தை வேறு பக்கம் அனுப்பும்போதெல்லாம், ஓடி வந்தவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதுபோல் அவளுக்கு இருந்தது.

பேச்சு அண்ணன் காதுக்கும் போயிற்று. ஆட்டம் பார்க்கவே வராதவர் ஒரு மாலை வந்து, வலது பின்மூலைக்கு அருகே தனியாக உட்கார்ந்தார். திரும்பும் வழியில்தான் வாயைத் திறந்தார்.

“அவ வர்றாளாமே?”

“ம்.”

“எப்படி வர்றா?”

“எப்பவும் போலத்தான் அண்ணே. ரெண்டு அடி மெதுவா, ரெண்டு அடி வேகமா.”

“அங்கேயே உக்காந்திருந்தேன். என் காதுல விழல” என்றார். அதற்குப் பிறகு அவர் உள்ளே வரவில்லை; ஒவ்வோர் ஆட்டம் முடியும்போதும் வாசலில் வந்து நிற்பார்.

கடைசியில் பேக்கிங் பெண்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். “அக்கா, பயிற்சியில நானும் தினம் ஓடித்தான் வர்றேன். உங்களுக்குக் கேக்கவே மாட்டேங்குதே.”

கட்டைக்குச் சுரீர் என்றது. உயிரோடு ஓடி வருகிறவளின் சத்தம் தன் காதில் ஏறவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அப்ப கத்திக்கிட்டே வா” என்றாள். கோச்சிடமும் கேட்டு, பழைய முறைக்கே திரும்பினார்கள்.

ஆரம்பத்தில் அண்ணியும் பேக்கிங் பெண்ணும் சேர்ந்தே ஓடி வந்தார்கள். முதுகு ஜில்லிட, காலடியை விட்டுக் கத்தலைப் பிடித்துக்கொண்டு பந்தை விட்டாள். நெட்டையின் உயரத்துக்கே பழகிய கை, அந்தப் பெண்ணின் உயரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. அவளும் எட்டி எட்டி அடிக்கக் கற்றுக்கொண்டாள்.

பிறகு ஓர் ஆட்டத்தில் ஒரே ஒருத்திதான் ஓடி வந்தாள். பந்து எதிர்க்கோட்டில் இடிபோல் விழுந்தது, வெற்றி. எல்லாரும் கட்டையைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவளோ முதன்முறையாகத் திரும்பி, அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே சுண்ணாம்புக் கோடும் மிதிபட்ட மண்ணும்தான் இருந்தன.

வாசலில் அண்ணன் காத்திருந்தார்.

“இன்னிக்கு வந்தாளா?”

அவர் முகத்தைப் பார்த்தாள். “வந்தாங்க அண்ணே.”

“நல்லா அடிச்சாளா?”

“அடிச்சாங்க. எதிர்ப்பக்கம் கையில வாங்கினவ அப்படியே உக்காந்துட்டா.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதன்பிறகு ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அண்ணிக்காக ஒரு அடியைக் கட்டை இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. எல்லாமே நன்றாக விழுந்தால் அவர் சந்தேகப்படுவார் என்று, சில நாள் அண்ணி வலையில் அடித்துவிட்டதாகவும் சொன்னாள்.