நஞ்சு விழட்டும் என்றார்

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில்லை.

கார்த்திகை அடைமழை. சுடாத பச்சைப் பொம்மைகள் காயாததால் சூளை மூட்ட முடியாது என்று, பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிற அவருக்கு லீவு விட்டுவிட்டார்கள். அதே கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற எனக்கு லீவு இல்லை. சுட்ட பொம்மைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. காலையில் நான் கிளம்பும்போதே எங்கள் ஆடு காலால் தரையைச் சீய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கிக் குட்டி போட்டுரும். பாத்துக்குங்க."

"நீ போ. நான் எதுக்கு இருக்கேன்."

சாயங்காலம் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஆடு கத்துவது தெருமுனைவரை கேட்டது. கொட்டகையில் தனியாகக் கட்டிக் கிடந்தது. மடி கல்லாக இறுகியிருந்தது. குட்டி வந்த பிறகு விழவேண்டிய நஞ்சுக்கொடி, விழாமல் பின்னால் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. குட்டிகளைக் காணோம்.

வீட்டுக்குள் ஓடினேன். கவனிப்பு என்றால் அப்படி ஒரு கவனிப்பு. கம்பெனியில் கழித்துப்போட்ட சூளைக்கல்லை அடுப்பில் சுடவைத்து, சாக்கில் சுற்றி, கூடைக்குள் அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பியிருந்தார். கறுப்புக் குட்டிக்கு என் பழைய புடவை. செவலைக் குட்டிக்குத் தன்னுடைய ஸ்வெட்டரையே சுற்றிவிட்டிருந்தார். கல் ஆறினால் மாற்றிவைக்கப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

செவலையின் வாய்க்குள் விரலை விட்டேன். சில்லென்று இருந்தது. விரலைச் சப்பவில்லை.

"பால் குடிச்சிதா?"

"நஞ்சு இன்னும் வுழுவுலியே."

"எப்ப பொறந்திச்சி?"

"நீ போன கொஞ்ச நேரத்துல. அக்காவுக்குப் போன் போட்டேன். நஞ்சு வுழாம குடிக்க வுட்டா குட்டிக்குக் கழிச்சல் கண்டுரும், தாயாட்டுக்கும் ஆவாதுன்னாங்க."

கருவேப்பிலங்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு இங்கே நாட்டாமை செய்கிற இவருடைய அக்கா. சூளையிலேயே கிடக்கிற மனிதருக்கு எதையும் வெளியிலிருந்து சூடேற்றினால் போதும். குட்டி என்ன களிமண் பொம்மையா? அதற்குச் சூடு வயிற்றுக்குள் இருந்து வரவேண்டும். அந்த வயிற்றில் காலையிலிருந்து ஒரு சொட்டுப் பால் இல்லை.

எங்கள் மகள் பிறந்தபோது இதே அக்காதான் சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "மொதல்ல சீம்பாலு, மத்ததெல்லாம் அப்பறம்" என்று வார்டே அதிரச் சத்தம் போட்டார். இவரும் கேட்டார், தலையாட்டினார். ஆட்டுக்காகச் சத்தம் போட யார் இருக்கிறார்கள்? நான் போட்டேன். அன்றைக்கு நான் பேசியதை அப்படியே எழுதினால் அச்சில் வராது.

இரண்டையும் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காம்பைப் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட்டு, கறுப்பின் வாயில் வைத்தேன். தடுமாறிப் பிடித்துக்கொண்டது. செவலையின் நாக்கில் பாலைப் பீய்ச்சினேன். கடைவாய் வழியாக வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பீய்ச்சினேன். அதுவும் வழிந்தது.

கறுப்பு வாலை ஆட்டிக்கொண்டு மடியை முட்டி முட்டிக் குடித்தது. சற்று நேரத்தில் ஆடு முதுகை வளைத்து முக்கியது. நஞ்சு தொப்பென்று கீழே விழுந்தது. குட்டி முட்டிக் குடித்தால்தான் அதுவும் விழும் என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. எது விழட்டும் என்று இவர் குட்டிகளைப் பட்டினி போட்டாரோ, அது அந்தப் பட்டினியால்தான் விழாமல் இருந்திருக்கிறது.

புதிதாகச் சுட்ட கல்லைச் சாக்கோடு ஏந்திக்கொண்டு அவர் வந்தார். கீழே பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, வுழுந்துடுச்சி. இனிமே ரெண்டும் குடிக்கலாம்."

செவலை என் மடியில், அவருடைய ஸ்வெட்டருக்குள் கழுத்துத் தொங்கிக் கிடந்தது. நான் ஸ்வெட்டரை விலக்கிக் காட்டினேன்.

யார் கேட்டாலும், குட்டி குளிரில் செத்துவிட்டது என்றுதான் இன்றுவரை சொல்கிறார். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். பிறகு, கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: "குளிர்ல இல்லீங்க. பசியில."