எங்கள் விறாந்தையில் ஒரு விருந்து

ஒஸ்லோவுக்கு அப்பா வந்தது யுத்தநிறுத்தக் காலத்தில். பார்த்துவிட்டுப் போகிற விசா. ஊரில் எங்கள் வீடு பலாலி விமானத்தளத்துக்குக் கிட்ட இருந்தது. இராணுவம் சனத்தை எழுப்பிவிட்டு, முள்கம்பி அடித்து, அந்த இடத்துக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயரும் வைத்தது. அதன்பிறகு அப்பா அயல் ஊர்களில் வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருந்தார். அம்மா அப்படியொரு வீட்டில்தான் செத்துப்போனார். யுத்தநிறுத்தம் வந்த உடனேயே அப்பா எங்கள் வீட்டைப் பார்க்கப் போனார். முள்கம்பியோடு நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் ஒஸ்லோவுக்குக் கிட்ட லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்த நோர்வேக்காரி ஒருத்தியின் கணவர், யுத்தநிறுத்தத்தைக் கண்காணிக்க யாழ்ப்பாணம் போய் வந்தவர். ஒரு ஞாயிறு மதியம் ஸ்ட்ரோம்மனில் இருந்த தங்கள் வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள். அப்பாவுக்கென்று சோறும் அவித்திருந்தார்கள்.

சாப்பிட்ட பிறகு அவளுடைய கணவர் கணினியில் யாழ்ப்பாணப் படங்கள் காட்டினார். கோயில், கடல், பனைகள். பிறகு ஒரு வீட்டின் விறாந்தை. நீளமான மேசையில் சீருடைக்காரர்கள் நடுவே அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதிகாரிகள் விருந்து தந்தார்கள். நன்றாக உபசரித்தார்கள்," என்றார்.

அப்பா எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார்.

"பிள்ளை, இது எங்கடை விறாந்தையெல்லோ?"

நான் நம்பவில்லை. சுவருக்குப் பச்சை அடித்திருந்தார்கள். ஆனால் மேசைக்குக் கீழே தெரிந்தது, அக்காவின் கலியாணத்துக்கு அப்பா பதித்த பூப்போட்ட தரை. பின்னால் சாமியறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சாராயப் போத்தல்கள் அடுக்கியிருந்தன.

"இது அப்பாவின் வீடு," என்று நோர்வே மொழியில் சொன்னேன்.

நோர்வேக்காரரின் முகம் சிவந்துபோனது. மனைவி என் கையைப் பிடித்தாள். அவர், "வீட்டை நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறார்கள்," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் அதை அப்பாவுக்குச் சொல்லவில்லை.

"இவரை உள்ளுக்கை விட்டிருக்கிறாங்கள். என்னை ஏன் விடேல்லை எண்டு கேள்," என்றார் அப்பா.

கேட்டேன். தனக்கு அங்கே ஆட்களைத் தெரியும், கதைத்துப் பார்க்கிறேன் என்றார் அவர். சொன்னபடியே கதைத்துவிட்டு, சில நாட்களில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாதுகாப்புக் காரணங்கள். அதுவும் விளங்கிக்கொள்ளக்கூடியதுதானே."

அவருக்கு விளங்கியிருந்தது.

விசா முடிகிற நேரம், "இஞ்சையே இருங்கோ அப்பா," என்று கெஞ்சினேன்.

"அவங்கள் விடுற நேரம் நான் அங்கை நிக்கவேணும். இல்லாட்டி ஆளில்லாத காணி எண்டு சொல்லிப்போடுவாங்கள்," என்றார். போய்விட்டார்.

சண்டை மறுபடியும் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். அந்த நாட்களில் அப்பா வாடகை வீட்டிலேயே இறந்துபோனார். என்னால் போகமுடியவில்லை. செத்தவீட்டுச் சடங்கைத் தொலைபேசி வழியாகக் கேட்டேன். அதுவும் பாதியில் அறுந்துபோனது.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று அந்த நோர்வேக்காரி பூக்கள் கொண்டுவந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள்.

"அந்த வீடு இனி உனக்கா?" என்று கேட்டாள்.

"அக்காவுக்கும் எனக்கும்," என்றேன்.

"அப்பாவின் நினைவாக ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதே," என்றாள்.

அவள் மனதாரத்தான் சொன்னாள். எனக்கு அவளுடைய கையை உதறிவிட வேண்டும்போல் இருந்தது. பூக்களை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.