சர்க்கரை போடாத ஒயின்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடாத வீடு கிடையாது. பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் பீங்கான் ஜாடிக்குள் போய், வாய் கட்டி, கட்டிலுக்கடியில் கிடக்கும். விருந்தாளி வந்தால் கேக்கோடு அரை டம்ளர். வேண்டாம் என்பவர்களை அம்மா சந்தேகமாகப் பார்ப்பாள். இப்படிப்பட்ட ஊரில்தான், ஓட்டலில் ஒயின் ஊற்றுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று கேட்டார்கள்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் ஆறு வருடமாக நான் ஒயின் பரிமாறுகிறேன். எந்தச் சாப்பாட்டுக்கு எது சேரும் என்று சொல்வதும், தக்கையைத் திருகி எடுத்து ஊற்றுவதும் என் வேலை. எனக்குப் பிடித்தது பட்டியலின் கடைசியில் கிடக்கிற ஒரு ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின். ஒரு கிறிஸ்துமஸ் புடவையைவிட விலை குறைவு. மலைமேல், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தில், வெறும் கல்லும் சரளையுமான நிலத்தில் நிற்கிற பழைய கொடிகள். பகலில் வெயில் பொசுக்கும், இரவில் குளிர் நடுக்கும். பழம் சிறுத்து, தோல் தடித்துவிடும். வாயில் வைத்ததும் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், அப்புறம்தான் பழத்தின் ருசி வரும். பணக்காரர்கள் விலையைப் பார்த்தே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம், திருவொற்றியூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அந்த ஸ்பெயின் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் அவளுடைய கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வைத்தேன். முதலில் குடிக்கட்டும், பிடித்துப்போனதும் இதுதான் என் வேலை என்று சொல்லலாம் என்பது என் திட்டம்.

தான் போட்ட ஒயின் என்று நினைத்து அம்மாதான் ஊற்றிக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா, சக்கர போட மறந்துட்டீங்களா? தொண்டைய புடிக்குது."

எங்கள் பக்கத்தில் ஒயினுக்குச் சர்க்கரை பத்தவில்லை என்றால் அந்த வீட்டுக்காரியின் கையே சரியில்லை என்று அர்த்தம். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. இதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா உள்ளே போய், சர்க்கரை டப்பாவும் ஸ்பூனுமாக வந்தாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். "இது எங்கம்மா போட்டது இல்ல ஆன்ட்டி. நான் வாங்கியாந்தது. ஓட்டல்ல நான் ஊத்துறது இதான். இதுக்கு சக்கர போட மாட்டாங்க."

"அந்தக் கருமத்தையா எங்களுக்குக் குடுத்த?"

"உங்க வூட்லயும்தான் ஜாடி கீது. நீங்க ஊத்துனா விருந்து, நான் ஊத்துனா கருமமா?"

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இங்கே மாமியார் ஆவதற்கு முன்பே குடம் உடைந்துவிட்டது.

மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாளு வேலய வுட்டுட்டு, அப்பால பாத்துக்கலாமே" என்றார் மெதுவாக. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"வுட மாட்டேன்" என்றேன்.

கேக்கைத் தொடாமல் எழுந்து போனார்கள். அம்மா திட்டினாள். "மானத்த வாங்கிட்டியேடி. என் ஜாடில கீறத குடுத்திருந்தா இன்னொரு டம்ளர் கேட்டிருப்பாங்க." அவள் சொன்னது உண்மைதான். அவளிடம் சொல்லாமல் செய்தது என் தப்பு. வேலையை விடாதது தப்பில்லை. இரண்டையும் அவளிடமே சொன்னேன்.

அம்மா கூஜாவில் மிச்சமிருந்ததைத் தனக்கு ஊற்றி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. நான் சர்க்கரை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அதை மூடித் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு டூட்டி?" என்றாள்.